டோக்கியோ, கியோட்டோ: தெரியாத இரண்டு ஊர்களுக்கு அம்மாவையும் மகளையும் அழைத்துச் செல்வது எப்படி?

நீங்களும் உங்கள் துணைவரும், 11 வயது மகள், முழங்கால் வலியுள்ள 68 வயது அம்மா என நால்வர் மே மாதம் சென்னையிலிருந்து புறப்பட்டு, பத்து நாளில் டோக்கியோவையும் கியோட்டோவையும் பார்த்து வர வேண்டும். அம்மா மீன்கூடத் தொடாத சைவம். நால்வருக்கும் ஜப்பானிய மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. இந்நிலையில் எந்த ஊருக்கு எத்தனை நாள் ஒதுக்குவது, ரயில் பாஸ் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நாள் கணக்கைப் பற்றியதாக இருந்தாலும், அதன் கடைசி வரியில் "அம்மாவை அலைக்கழித்துவிடக் கூடாது" என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எங்கும் கிடைக்கும். முன்பின் தெரியாத இரண்டு ஊர்களில் ஒரு மூத்தவரும் ஒரு சிறுமியும் சோர்ந்து போகாமல் இருக்க என்னென்ன முன்னேற்பாடு தேவை என்பதைப் பற்றியே எழுதுகிறேன்.

குடும்பங்களுக்கு வெளிநாட்டுப் பயணத் திட்டம் வகுத்துக் கொடுப்பது பதினாறு ஆண்டுகளாக என் தொழில். ஜப்பானுக்கு ஆறு முறை சென்றிருக்கிறேன். அவற்றில் மூன்று முறை எழுபதை நெருங்கியவர்கள் உடன் வந்தார்கள். எனக்கும் ஜப்பானிய மொழி பேச வராது, ஆகவே உங்கள் நிலை எனக்குப் புதிதன்று. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரயில் ஓடும் நேரம், பெட்டியின் அளவு, விசா விதி, கட்டணம் போன்றவற்றை உறுதியாகச் சொல்ல முடியும், இருந்தாலும் கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால் பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவால் ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்க முடியும் என்பதை நான் ஊகிக்க முடியாது. இன்றிலிருந்து இரண்டு வாரம் மாலையில் அவரோடு நடந்து பார்த்து, எத்தனை நிமிடத்தில் உட்கார இடம் தேடுகிறார் என்று குறித்து வையுங்கள். கீழே சொல்லும் கணக்குகள் அனைத்தையும் அந்த ஒரு எண்ணைக் கொண்டு நீங்களே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

இரண்டு ஊர்ப் பயணங்களில் மூன்று நாட்கள்தான் ஆளைச் சாய்ப்பவை என்பது என் அனுபவம்: போய் இறங்கும் நாள், ஊர் மாறும் நாள், திரும்பும் நாள். பெட்டியும் பாஸ்போர்ட்டும் கையில், பசி வயிற்றில், அடுத்து எந்தப் பக்கம் திரும்புவது என்பது தெரியாமல் நிற்பது இந்த மூன்று நாட்களில்தான். பெரும்பாலானோர் கோயில்களையும் கோபுரங்களையும் முதலில் அடுக்கிவிட்டு, இந்த மூன்று நாட்களைக் கடைசியில் இடுக்கில் செருகுகிறார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். இந்த மூன்று நாட்களை மணி வாரியாக எழுதி முடித்த பிறகு, மீதமுள்ள நாட்களைத் திறந்து பாருங்கள். அவை தாமாகவே அமைந்துவிடும்.

அதற்கும் முன்னால் தேதி. மே மாதம் நல்ல தேர்வு, ஆனால் முதல் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அடுத்தடுத்து அரசு விடுமுறைகள் வருவதால் ஜப்பான் முழுவதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். 'கோல்டன் வீக்' என்று அதற்குப் பெயர். அறை வாடகை ஏறும், ரயிலில் இடம் கிடைக்காது. ஜூன் தொடக்கத்தில் மழைக்காலம் ஆரம்பிக்கும். இரண்டுக்கும் நடுவே, மே 8 முதல் 25 வரையிலான நாட்களே உங்களுக்கு ஏற்றவை. பகலில் நம் ஊட்டியை ஒத்த இதமும், சற்றே கூடுதலான வெயிலும் இருக்கும். அதற்குள்ளும் ஒரு கண்ணி உண்டு. மே மாதத்தின் மூன்றாம் வார இறுதியில் டோக்கியோவின் அசாகுசா பகுதியில் சான்ஜா மட்சுரி என்னும் திருவிழா மூன்று நாட்கள் நடக்கும். தோளில் சப்பரங்களைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாக ஓடுவார்கள், பார்க்க வரும் கூட்டம் இலட்சக்கணக்கில் திரளும். காணக் கிடைக்காத காட்சிதான், ஆனால் முழங்கால் வலியோடு அந்த நெரிசலில் நிற்க முடியாது. அந்த வார இறுதியில் நீங்கள் கியோட்டோவில் இருக்கும்படி தேதியை வையுங்கள். மே 15-ஆம் நாள் கியோட்டோவில் அவோய் மட்சுரி ஊர்வலம் உண்டு. அது நிதானமாக நகரும் பழங்கால உடை ஊர்வலம், அரண்மனைப் பூங்காவில் கட்டண இருக்கைகளில் அமர்ந்தே பார்க்கலாம்.

விமானச் சீட்டில் நீங்கள் எடுக்கும் முடிவுதான் எல்லாவற்றிலும் பெரியது. போகும்போது டோக்கியோவில் இறங்கி, வரும்போது ஒசாகாவுக்கு அருகிலுள்ள கன்சாய் விமான நிலையத்திலிருந்து ஏறும்படி வாங்குங்கள். இணையதளங்களில் 'பல நகரங்கள்' என்னும் தெரிவில் இது கிடைக்கும். டோக்கியோவுக்கே போக வரச் சீட்டு சில ஆயிரம் ரூபாய் குறைவாகத் தெரியும். அந்தக் குறைவில் மயங்கினால், கடைசி நாளுக்கு முந்தைய நாள் கியோட்டோவிலிருந்து மறுபடி டோக்கியோவுக்கு ரயில் ஏற வேண்டும். நால்வருக்கான ரயில் கட்டணமும் அரை நாளும் போய்விடும், கூடுதலாக ஒரு விடுதி மாற்றமும் சேரும். கியோட்டோவில் தொடங்கி டோக்கியோவில் முடிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நான் டோக்கியோவை முதலில் வைக்கவே சொல்வேன். டோக்கியோவில் பெரும்பாலான நிலையங்களில் மின்தூக்கி உண்டு, வழிகாட்டிப் பலகைகள் ஆங்கிலத்திலும் உண்டு. பயணச்சீட்டு வாயில், நடைமேடை எண், வெளிவாயில் எண் ஆகியவற்றை நான்கு நாட்களில் பழகிவிடலாம். கியோட்டோ பேருந்தையும் மேட்டுத் தெருக்களையும் நம்பிய ஊர். பழகிய கால்களோடு அங்கே போவது நல்லது.

விசாவைப் பொறுத்தவரை, இந்தியாவில் வசிப்பவர்கள் சுற்றுலாவுக்கு 2024 ஏப்ரல் முதல் மின்விசா பெறலாம், விண்ணப்பத்தை வி.எஃப்.எஸ். மையம் வழியாகவே கொடுக்க வேண்டும். இதில் பலருக்குத் தெரியாத ஒரு விதி இருக்கிறது. விமான நிலையத்தில் அந்த விசா அறிவிப்பை இணைய இணைப்போடு கைபேசித் திரையில் நேரடியாகத் திறந்து காட்ட வேண்டும். அச்சிட்ட தாளையும் திரைப் படத்தையும் ஏற்க மாட்டார்கள். ஆகவே அம்மாவின் விசாவையும் மகளின் விசாவையும் உங்கள் கைபேசியில் திறந்து பழகி வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி இணைய இணைப்பை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். குடிநுழைவு, சுங்கம் இரண்டுக்குமான விவரங்களை 'விசிட் ஜப்பான் வெப்' என்னும் அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தே நிரப்பி, அது தரும் கியூ.ஆர். குறியீட்டைக் கொண்டு போகலாம். விசா கைக்கு வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்காத எதையும் வாங்க வேண்டாம்.

இனி இறங்கும் நாள். நரிதா விமான நிலையம் டோக்கியோ நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மற்றொரு விமான நிலையமான ஹனேதா ஊருக்குள்ளேயே என்று சொல்லலாம். ஹனேதாவுக்குச் சீட்டு கிடைத்தால் சிறிது கூடுதல் விலை கொடுக்கலாம். நரிதா என்றால் மாலை ஆறு மணிக்குள் இறங்கும் விமானமாகத் தேர்ந்தெடுங்கள். டோக்கியோவில் ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், விடியற்காலை ஐந்து மணி அளவில்தான் மறுபடி ஓடும். விமானம் தாமதித்தாலும் கடைசி ரயிலைப் பிடிக்க அவகாசம் வேண்டும். நரிதாவிலிருந்து கெய்செய் ஸ்கைலைனர் ரயில் சுமார் 40 நிமிடத்தில் உயெனோவுக்கு வந்துவிடும், எல்லாமே முன்பதிவு இருக்கைகள். இந்த ஒரு காரணத்துக்காகவே உங்கள் விடுதி உயெனோவிலோ, அதை ஒட்டியோ இருக்கட்டும் என்பேன். அங்கே பூங்காவும் அருங்காட்சியகங்களும் நடை தூரத்தில் உள்ளன. ஊரை வட்டமடிக்கும் யாமனோத்தே ரயில் அங்கேயே நிற்கும். கியோட்டோவுக்கான ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில் புறப்படும் டோக்கியோ நிலையத்துக்கு அதே யாமனோத்தேயில் சில நிமிடங்களில் போய்விடலாம் என்பதால் ஊர் மாறும் நாளுக்கும் உதவும்.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2018-இல் ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு ஷின்ஜுகுவில் அறை ஏற்பாடு செய்தேன். உலகிலேயே அதிகம் பேர் பயன்படுத்தும் நிலையம் அது. இருநூறுக்கும் மேற்பட்ட வெளிவாயில்கள் உண்டு. காலை எட்டரை மணிக்கு, வேலைக்குச் செல்வோர் வெள்ளமாக எதிரே வந்துகொண்டிருந்தபோது, ஐந்து பெரிய பெட்டிகளோடு மின்தூக்கியைத் தேடி நாற்பது நிமிடம் அலைந்தோம். அந்த வீட்டுப் பெரியவர் தூண் ஒன்றில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்ற காட்சி எனக்கு இன்னும் மறக்கவில்லை. தவறு என்னுடையது. வரைபடத்தில் நடுவாக இருக்கும் இடம் வசதியான இடமாகவும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அன்றிலிருந்து, விடுதிக்கு மிக அருகிலுள்ள மின்தூக்கி உள்ள வெளிவாயிலின் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் எந்த அறைக்கும் பணம் கட்டுவதில்லை. விடுதிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டால் பெரும்பாலும் தெளிவாகப் பதில் சொல்வார்கள்.

அறையின் அளவையும் பாருங்கள். டோக்கியோவின் நடுத்தர விடுதிகளில் இருவர் அறை 13 முதல் 16 சதுர மீட்டர்தான் இருக்கும். இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்தால் கால் வைக்க இடமிராது. நால்வருக்கு அடுத்தடுத்து இரண்டு அறை எடுப்பதா, சமையல் மேடையுள்ள ஒரே பெரிய அறை எடுப்பதா என்றால், அம்மாவை முன்னிட்டு இரண்டாவதைத் தேடிப் பாருங்கள். கட்டில் வேண்டும் என்று குறிப்பிடுங்கள். ஜப்பானிய முறையில் பாயின் மேல் மெத்தை விரிக்கும் அறைகளில் முழங்கால் வலியுள்ளவர்களுக்கு எழுந்திருப்பது பெரும் பாடு. மகளையும் சேர்த்து சரியான ஆள் எண்ணிக்கையைக் கொடுங்கள், அங்கே தலைக்கணக்கில்தான் வாடகை. பொதுவாகப் பிற்பகல் மூன்று மணிக்கே அறை கிடைக்கும். முன்னதாகப் போனால் பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். இறங்கும் நாளன்று வேறு எதையும் திட்டமிடாதீர்கள். நம் நேரத்துக்கும் ஜப்பான் நேரத்துக்கும் மூன்றரை மணி வித்தியாசம். அங்கே காலை ஏழு மணி உடலுக்கு அதிகாலை மூன்றரை. முதல் இரண்டு நாட்கள் பத்து மணிக்கு முன் எதுவும் வேண்டாம்.

இப்போது நீங்கள் கேட்ட ரயில் பாஸ். வாங்க வேண்டாம். இது உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயம். நாடு முழுவதற்குமான ஏழு நாள் ஜே.ஆர். பாஸின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. பழைய விலை இருந்த காலத்தில் எழுதப்பட்ட அறிவுரைகளே இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு முன்பதிவு இருக்கையோடு ஒரு வழிக் கட்டணம் ஏறத்தாழ 14,000 யென்; 6 முதல் 11 வயது வரை அரைக்கட்டணம். ஆக, பெரியவர் மூவருக்கும் மகளுக்கும் சேர்த்து 49,000 யென் அளவில் முடியும். பாஸ் வாங்கினால் 1,75,000 யென். போதாததற்கு, மிக வேகமான நொசோமி ரயிலில் ஏற அந்தப் பாஸோடு தனிக் கட்டணமும் கட்ட வேண்டும். நொசோமி கியோட்டோவுக்கு இரண்டே கால் மணி நேரத்தில் போகும். அதைவிடச் சற்று மெதுவான ஹிகாரி ரயிலுக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி. நிலையங்களில் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு முன்பதிவு திறக்கும், ஸ்மார்ட் இ.எக்ஸ். என்னும் செயலியில் அதற்கு முன்னரே நம் கடன் அட்டையைக் கொண்டே வாங்கலாம். டோக்கியோவிலிருந்து போகும்போது வலப்பக்கத்தில், 'இ' எழுத்து இருக்கையைக் கேளுங்கள். புறப்பட்டு முக்கால் மணி நேரத்தில் ஃபூஜி மலை அந்தப் பக்கத்தில்தான் எழும். மேகம் மறைத்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. மகளிடம் முன்கூட்டியே உறுதி கொடுத்துவிடாதீர்கள்.

பெட்டிகளைப் பற்றி ஒரு விதி. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு ஷின்கான்சென்னில் அதற்கென உள்ள கடைசி வரிசை இருக்கையைச் சேர்த்தே முன்பதிவு செய்ய வேண்டும். செய்யாமல் ஏறினால் 1,000 யென் கட்ட நேரும். இதையெல்லாம் தவிர்க்க ஜப்பானில் அருமையான ஓர் ஏற்பாடு இருக்கிறது. 'தக்யூபின்' என்னும் பெட்டி அனுப்பும் சேவை அது. டோக்கியோ விடுதியின் வரவேற்பு மேசையில் காலையில் பெட்டிகளைக் கொடுத்து, கியோட்டோ விடுதியின் முகவரியை எழுதிக் கொடுத்தால் மறுநாள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு பெட்டிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் யென் அளவில் ஆகும். ஆறு முறையும் பயன்படுத்தியிருக்கிறேன், ஒருமுறைகூடத் தவறியதில்லை. இடைப்பட்ட ஒரு இரவுக்கான துணியும் மருந்தும் தோள்பையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெறுங்கையோடு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரயில் ஏறுவதற்கு அந்தப் பணம் தகும். கியோட்டோ நிலையத்தில் ரயில் ஓரிரு நிமிடமே நிற்கும். நகோயாவைத் தாண்டி அரை மணி நேரமானதும் எழுந்து கதவருகே வந்துவிடுங்கள்.

நாள் கணக்குக்கு வருகிறேன். பத்து நாளில் போவதற்கும் வருவதற்கும் கழித்தால் எட்டு இரவுகள் கையில் நிற்கும். நான்கு டோக்கியோ, நான்கு கியோட்டோ என்று பிரித்துக்கொள்ளுங்கள். நாரா, ஒசாகா, ஹிரோஷிமா, ஃபூஜி அடிவாரம் என்று இடையில் நுழைக்கச் சொல்லும் யோசனைகள் உங்களுக்கு நிறைய வரும். நாராவை மட்டும், அதுவும் அம்மாவின் உடல் நிலையைப் பார்த்து, அன்று காலையில் முடிவு செய்யுங்கள். கியோட்டோவிலிருந்து முக்கால் மணி, ஒரு மணிப் பயணம்தான், மான்கள் மகளுக்குப் பிடிக்கும். ஒரு நாளுக்கு ஒரு பகுதி, காலையில் ஒரு இடம், மதியம் அறைக்குத் திரும்பி ஓய்வு, மாலையில் ஒரு இடம் என்பது மூத்தவர்களோடு போகும்போது நான் மீறாத விதி. டோக்கியோவில் அருங்காட்சியகங்கள் பல திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதை நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். மகளுக்காக, அனிமேஷன் படங்களுக்குப் பெயர்போன ஜிப்லி நிறுவனத்தின் அருங்காட்சியகம் போக விரும்பினால், மே மாதச் சீட்டு ஏப்ரல் 10-ஆம் நாள் ஜப்பான் நேரம் காலை பத்து மணிக்கு விற்பனைக்கு வரும். வாசலில் சீட்டு கிடைக்காது. அந்த நேரம் நமக்குக் காலை ஆறரை மணி.

கியோட்டோவில் அம்மாவின் முழங்காலை முன்வைத்தே இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கியோமிசு கோயில் அழகுதான், ஆனால் கடைத்தெரு முழுதும் ஏற்றம். கடைசிவரை காரும் போகாது. ஃபுஷிமி இனாரி கோயிலில் செம்மஞ்சள் வாயில்கள் வரிசையாக 233 மீட்டர் மலை உச்சிவரை செல்கின்றன. அடிவாரத்தில் அடுக்கடுக்காக நிற்கும் வாயில்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாலே அதன் அழகில் பெரும்பகுதியைப் பார்த்ததாகும். அங்கே கட்டணமில்லை, எந்நேரமும் திறந்திருக்கும், ஆகவே காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். மற்ற கோயில்கள் பெரும்பாலும் மாலை நான்கு, ஐந்து மணிக்கே மூடிவிடும். நகரப் பேருந்தில் பின்வாசலில் ஏறி, இறங்கும்போது முன்னால் கட்டணம் செலுத்த வேண்டும். பெரியவருக்கு 230 யென். நால்வருக்கு எண்ணூறு யென்னைத் தாண்டுவதால், கூட்டத்தில் நின்றுகொண்டு போவதைவிட, குறைந்த தூரங்களுக்கு டாக்சி எடுப்பதில் பெரிய நட்டம் இல்லை. அம்மாவுக்கும் மகளுக்கும் கட்டுக்கயிறில்லாத காலணி வாங்கிக் கொடுங்கள். கோயில் மண்டபங்களிலும் சில உணவகங்களிலும் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும்.

மேடு ஏறாமல் அம்மா மனம் நிறையப் பார்க்கக்கூடிய இரண்டு கோயில்களைச் சொல்கிறேன். இரண்டும் கியோட்டோ நிலையத்துக்கு அருகே சமதளத்தில் உள்ளன. முதலாவது தோஜி. அதன் ஐந்தடுக்குக் கோபுரம் 54.8 மீட்டர் உயரம், ஜப்பானின் மரக் கோபுரங்களில் அதுவே உயரமானது. அதன் உபதேச மண்டபத்தில் இருபத்தொரு சிலைகள் அரைஇருட்டில் அமர்ந்திருக்கும். ஒரு ஓரத்தில் நான்கு வாத்துகளின் மேல் நான்முகன். மறு ஓரத்தில் யானை மேல் இந்திரன். போந்தென், தைஷாக்குதென் என்று அங்கே பெயர். நான் அழைத்துச் சென்ற ஒரு பாட்டியம்மாள் யானையைக் கண்டதும் "ஐராவதம் மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டுக் கைகூப்பி நின்றார், யாரும் விளக்கம் சொல்லவில்லை. இரண்டாவது சான்ஜூசான்கென்தோ. ஏறத்தாழ 120 மீட்டர் நீளமுள்ள ஒரே மண்டபத்தில் கருணையின் வடிவாக வணங்கப்படும் கன்னோனின் ஆயிரத்தொரு உருவங்கள்; முன்வரிசையில் காவல் தெய்வங்களுள் கருடனும் உண்டு. டோக்கியோவில் உயெனோவின் ஷினோபாசு குளத்தின் நடுவே உள்ளது பென்சாய்தென் கோயில். அது நம் சரஸ்வதியேதான், புத்த மதத்தோடு சீனா வழியாகப் போய்ச் சேர்ந்தவள், கையில் வீணைக்குப் பதிலாக பிவா என்னும் இசைக்கருவி. உங்கள் விடுதியிலிருந்து நடந்தே போகலாம்.

உணவுதான் நீங்கள் மிகவும் அஞ்ச வேண்டிய இடம், அதிலும் அறியாமல் சாப்பிட்டுவிடும் அபாயம். ஜப்பானியச் சமையலில் 'தாஷி' என்னும் சாறு எல்லாவற்றுக்கும் அடிப்படை. அது பெரும்பாலும் உலர்த்திய மீனிலிருந்து எடுக்கப்படுவது. காய்கறி மட்டுமே மிதக்கும் சூப்பிலும், சோபா நூடுல்ஸின் குழம்பிலும், மிசோ சூப்பிலும் அது இருக்கும். "வெஜிடேரியன்" என்று சொன்னால் இறைச்சியை மட்டும் நீக்கிவிட்டு மீன் சாற்றோடு கொண்டு வருவார்கள். ஏமாற்றும் எண்ணம் அவர்களுக்கு இல்லை, அந்தச் சாறு அவர்கள் கணக்கில் மீனாகவே எண்ணப்படுவதில்லை. இறைச்சி, மீன், மீன் சாறு, முட்டை எதுவும் கூடாது என்று ஜப்பானிய எழுத்தில் அச்சிட்ட அட்டையை நால்வரும் வைத்திருங்கள். டோக்கியோவில் தோசை, இட்லி கிடைக்கும் தென்னிந்திய உணவகங்கள் உண்டு. கியோட்டோவில் துறவிகளின் சைவ உணவான ஷோஜின் ரியோரியை ஒரு வேளை கட்டாயம் சாப்பிடுங்கள். அராஷியாமாவில் தென்ர்யூஜி கோயிலுக்குள்ளேயே அத்தகைய உணவகம் இருக்கிறது.

மற்ற வேளைகளுக்கு நம்மவர்கள் உடனே மின்சாரக் குக்கரைத் தூக்கிக்கொள்வார்கள். வேண்டாம். ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் குக்கரை அதில் செருகினால் ஐந்தில் ஒரு பங்கு வெப்பம்தான் வரும். ஒரு முறை கியோட்டோ விடுதி அறையில், எங்களோடு வந்த ஓர் அம்மையார் ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்து மூடியைத் திறந்தார். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருந்தது, அரிசி ஊறிப் போயிருந்தது. தவிரவும், கறிவேப்பிலை, பழம், பச்சைக் காய், வேகவைக்காத பருப்பு முதலியவற்றைத் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே கொண்டு போக முடியாது. அங்கே எந்தத் தெருமுனைக் கடையிலும் சமைத்த சோறு பொட்டலமாகக் கிடைக்கும். இரண்டு நிமிடம் நுண்ணலை அடுப்பில் வைத்தால் ஆவி பறக்கும். சர்க்கரை சேர்க்காத தயிரும் அதே கடையில் உண்டு. அவர்கள் அரிசி சற்றே ஒட்டும் இயல்புடையது, தயிர்சாதத்துக்கு நன்றாகவே பொருந்தும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், ஒரு சிறு புட்டி நெய் இவ்வளவு கொண்டு போனால் போதும். கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் உள்ள சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பவை. இரண்டு தட்டை முனை கொண்ட செருகி மட்டும் தேவை.

மருந்தில் கவனக்குறைவு கூடாது. மருத்துவர் எழுதிய மருந்துகளை ஒரு மாத அளவுவரை தனி அனுமதி இல்லாமல் கொண்டு போகலாம். ஆனால் நம் ஊரில் சளிக்கும் இருமலுக்கும் சாதாரணமாக வாங்கும் சில மருந்துகளில் கோடீன் அல்லது சூடோஎஃபெட்ரின் இருக்கும்; குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அவை அங்கே தடை செய்யப்பட்டவை, தெரியாமல் கொண்டு வந்தேன் என்பது காரணமாகாது. ஒவ்வொரு அட்டையின் பின்புறத்தையும் படியுங்கள். அம்மாவின் மருந்துகளை அவற்றின் சொந்த அட்டையிலேயே, மருத்துவரின் ஆங்கிலக் கடிதத்தோடு கைப்பையில் வையுங்கள். முழங்கால் வலிக்கு நீண்ட விமானப் பயணத்தில் என்ன செய்வது என்பதை அவருடைய மருத்துவரிடமே கேளுங்கள். அதில் நான் கருத்துச் சொல்வது முறையாகாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது அவருக்கு ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். அவசர ஊர்திக்கு 119, காவலுக்கு 110. பாஸ்போர்ட்டை வெளியில் எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

உள்ளூர் ரயிலுக்கும் பேருந்துக்கும், முன்கூட்டிப் பணம் ஏற்றிக்கொள்ளும் சுய்கா அட்டை போதும். கியோட்டோவிலும் அது செல்லும். ஐபோனில் அதைச் சேர்க்கலாம். நம் ஊரில் வாங்கிய ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பொதுவாக இயங்காது. மகளுக்கான அரைக்கட்டண அட்டையைப் பாஸ்போர்ட்டைக் காட்டி நிலைய முகப்பில் வாங்க வேண்டும். ரொக்கம் செவன் இலெவன் கடைகளின் பண இயந்திரங்களில் நம் அட்டைக்கும் வரும்.

முன்கூட்டி உறுதி செய்ய முடியாதவை என்று மூன்றைச் சொல்வேன்: யென்னின் மதிப்பு, மழை, கூட்டம். கணக்கிட்ட செலவுக்கு மேல் ஆறில் ஒரு பங்கு தனியே ஒதுக்கி வைத்தால் முதலாவது தொல்லை தராது. மற்ற இரண்டுக்காக ஒவ்வொரு ஊரிலும் ஒரு அரை நாளை எதுவும் எழுதாமல் விட்டு வையுங்கள். மே மாதம் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலாவாகக் கியோட்டோவுக்கு வரும் காலம். எந்தக் கோயிலில் எந்த மணிக்குப் பத்துப் பேருந்துகள் வந்து நிற்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. அப்படி நேர்ந்தால் வரிசையில் நிற்காமல் வேறு இடத்துக்குப் போய்விடுங்கள்.

திரும்பும் நாளுக்கு, கியோட்டோ நிலையத்திலிருந்து கன்சாய் விமான நிலையத்துக்கு ஹருகா விரைவு ரயில் நேராகப் போகிறது. ஒன்றேகால் மணிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும், இருக்கையை முன்பதிவு செய்யலாம். கடைசி இரண்டு இரவுக்கும் விடுதியை நிலையத்தின் நடை தூரத்தில் எடுங்கள். ஹருகா புறப்படுவது 30-ஆம் எண் நடைமேடை. அது நிலையத்தின் மேற்கு ஓரத்தில், மைய வாயிலிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கிறது. முந்தைய நாள் மாலையில் அம்மாவை அறையில் விட்டுவிட்டு, நீங்களும் மகளும் மட்டும் அந்த நடைமேடைவரை நடந்து, மின்தூக்கி எங்கே இருக்கிறது, எத்தனை நிமிடமாகிறது என்று பார்த்து வாருங்கள். உங்கள் நடைக்கு எட்டு நிமிடம் என்றால், அம்மாவோடு இருபது என்று வைத்துக்கொண்டு மறுநாள் புறப்படுங்கள்.